புதுப்பித்த வீடு: நாமே விற்பதா, தரகரிடம் விடுவதா?

[திரையில்: தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு. புது பெயிண்ட், புது கிரில் கேட்.]

வணக்கம். அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி. அதில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடு. மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தாச்சு, வயரிங் முழுக்க மாற்றியாச்சு, துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு சிபிவிசி பைப் போட்டாச்சு. பத்துப் பன்னிரண்டு லட்சம் செலவு. இப்போது விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

தரகர் வந்ததும் வீட்டுக்குள் போகும் முன்பே கேட்பார்: "மனை எவ்வளவு? எந்தப் பக்கம் பார்த்த வாசல்? ரோடு எத்தனை அடி?" அப்புறம், "இந்த ஏரியாவில் கிரவுண்டு இன்ன விலை போகுது சார். பழைய கட்டடத்துக்குப் பெரிசா ஒண்ணும் தர மாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சென்னையில் பழைய தனி வீட்டை மனை விலைக்கு வாங்கி, இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுகிற பில்டர்கள் நிறைய. அவர்களுக்கு உங்கள் புது வயரிங் எதற்கு? ஆனால் குடியேற வருகிற குடும்பத்துக்கு அது வேண்டும். தரகர் எவ்வளவு கேட்கிறார் என்பதைவிட, யாரைக் கூட்டி வருவார் என்பதுதான் முக்கியம்.

[திரையில்: திறந்த சுவரில் பைப்; பக்கத்தில் அளவு டேப்.]

புதுப்பித்த வேலையில் பாதி சுவருக்குள் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டும் முன் எடுத்த இந்த மாதிரி போட்டோ இருந்தால், வாங்க வருபவரிடம் அதைக் காட்டி விளக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. நல்ல மழை பெய்த மறுநாள் வரச் சொல்லி, மேல் அறைக் கூரையைக் காட்டுங்கள். இதைத் தரகர் மெனக்கெட்டுச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

தரகர் கமிஷன் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு, அதாவது விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியாக, 1 முதல் 2 சதவீதம். ஒரு கோடிக்கு விற்றால் ஒன்றிலிருந்து இரண்டு லட்சம். பேசிக் குறைக்கலாம்.

நாமே விற்பதிலும் தலைவலி உண்டு. இணையத்தில் விளம்பரம் போட்ட அன்றே, "வாங்குறதுக்குத்தான் கேக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே பல தரகர்கள் அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுடையதாக இருக்காது. போட்ட செலவை அப்படியே விலையில் ஏற்றி உட்கார்ந்தால் வீடு விற்காது.

பத்திர வேலை எப்படி விற்றாலும் ஒன்றுதான். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடலாம். மாடியில் அனுமதி வாங்காமல் ஒரு அறை போட்டிருந்தால், வாங்குபவரின் வங்கி அனுப்பும் எஞ்சினியர் வரைபடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். அதில் தரகராலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் கணக்கு இது: ஊரிலேயே இருக்கிறீர்கள், வீட்டைத் திறந்து காட்ட ஆள் இருக்கிறது என்றால், முதல் இரண்டு மூன்று மாதம் நீங்களே முயலுங்கள். வெளிநாட்டில் இருக்கிறீர்களா? தரகரிடம் விடுங்கள். ஆனால் கமிஷனை எழுத்தில் போடுங்கள். "உங்களுக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மேல வர்றது எனக்கு" என்ற பேச்சுக்குச் சம்மதிக்காதீர்கள்; அப்புறம் வாங்குபவரிடம் என்ன விலை சொன்னார் என்றே உங்களுக்குத் தெரியாது. தரகர் கையில் பத்திரத்தின் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். உங்களுக்குப் பதிலாக அவரே விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் கூடவே கூடாது.

[திரையில்: பில்கள் அடுக்கிய ஃபைல்.]

பணத்துக்கு வருவோம். முன்பணமானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது உங்கள் கணக்கில் கட்ட வேண்டிய வருமான வரி, பிடித்துக்கொண்டுதான் தருவார். இது இந்தியாவில் வசிப்பவர் விற்கும்போது. வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம்.

விற்றதில் வந்த லாபத்துக்கான மூலதன ஆதாய வரிக் கணக்கில், கூடுதலாகக் கட்டிய அறை போன்ற மேம்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். வெறும் பெயிண்ட், சில்லறை ரிப்பேர் பொதுவாகச் சேராது. வயரிங், பைப் எந்தப் பக்கம் வரும் என்பதை ஆடிட்டரிடம் பில்லோடு போய்க் கேளுங்கள். தரகருக்குக் கொடுத்த கமிஷனும் விற்பனைச் செலவாகக் கழியும். அதனால் அதை வங்கி வழியாகவே கொடுத்து, ரசீதும் வாங்கி வையுங்கள்.