எடிட்டர் போனாலும் எது மிஞ்சும்?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையதளம் உருவாக்கக் கற்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த எடிட்டர் சார் நல்லது?" என்பதைத்தான். எடிட்டர் என்றால் நிரல் எழுத உதவும் மென்பொருள். சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலானோருக்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும். இலவசம், எல்லா இயங்குதளங்களிலும் ஓடும், சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும். ஆனால் எடிட்டருக்கும் ஆயுள் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆட்டம் என்றொரு எடிட்டர் இருந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் அதை 2014இல் வெளியிட்டது. வலைப்பக்கம் எழுதும் அதே சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளைக் கொண்டே அந்த எடிட்டரையும் நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வலை நிரலர்கள் மொய்த்ததில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் தன் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோடை அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்துக்காகப் பிறந்த எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மீதுதான் அதுவும் எழும்பியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பையே வாங்கியது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டத்துக்கு மூடுவிழா. ஒரே வீட்டில் இரண்டு எடிட்டர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அடோபி தன் பிராக்கெட்ஸ் எடிட்டரைக் கைவிட்டிருந்தது.

ஆகவே இன்னொரு எடிட்டருக்குக் குடிபெயர்ந்தாலும் கூடவே வருகிற திறமைகளுக்கு நேரம் செலவிடுங்கள் என்பேன். 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரைப் பாருங்கள். அவர் பயன்படுத்திய முனையத்தில் (கணினியுடன் பேச உதவும் திரையும் விசைப்பலகையும்) எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. கர்சரை நகர்த்த அவற்றையே வைத்துக்கொண்டார். அந்த முனையம் இன்று அருங்காட்சியகப் பொருள். அந்த விசைப் பழக்கமோ விஐயின் வழிவந்த விம் எடிட்டரில் தொடர்கிறது, மைக்ரோசாஃப்ட் எடிட்டரிலும் ஒரு நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணைநிரலை) நிறுவினால் வந்துவிடுகிறது. எம்மெட் சுருக்கெழுத்தும் அப்படித்தான். ஒரு வரி தட்டி டேப் விசையை அழுத்தினால் பட்டியல் முழுவதும் எச்.டி.எம்.எல்.லாக விரியும்; ஓரிடத்தில் கற்றது பல எடிட்டர்களில் செல்லும்.

2016இல் வந்த மொழிச் சேவையக நெறிமுறை இப்படிக் குடிபெயர்வதை இன்னும் எளிதாக்கியது. முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு நிரல்மொழியையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது பிழை காட்டுவதையும் சொல் நிரப்புவதையும் தனி நிரல் ஒன்று பார்த்துக்கொள்கிறது. எந்த எடிட்டரும் அதனுடன் பேசலாம். நியோவிம் போன்ற எளிய எடிட்டர்களும் இதனால்தான் பெரியவற்றுக்கு ஈடுகொடுக்கின்றன.

உரிமம் பற்றியும் ஒரு சொல். விஷுவல் ஸ்டுடியோ கோடின் மூலநிரல் கட்டற்றது, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் இறக்கும் தொகுப்புக்கு வேறு உரிமம். பயன்பாட்டுத் தகவலும் அந்த நிறுவனத்துக்குப் போகும். வேண்டாம் என்பவர்களுக்கு அதே மூலநிரலிலிருந்து உருவாகும் விஎஸ்கோடியம் இருக்கிறது. பழைய கணினியில் எலக்ட்ரான் எடிட்டர்கள் திணறும், ஏனெனில் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு முழு குரோமியம் உலாவி இருக்கிறது. அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் கியானி என்ற எடிட்டரை நிறுவலாம், விண்டோஸ் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ்.

தமிழில் பக்கம் எழுதுவோர் முடிவெடுக்கும் முன் நான்கு வரி தமிழைத் தட்டிப் பாருங்கள். நிரல் எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். நம் 'ணௌ' அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. முனையத்தில் (இன்று கட்டளை தட்டும் சாளரத்தில்) ஓடும் எடிட்டர்களில் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்பதுண்டு. பல எடிட்டர்களில் 'கொ'வை அழிக்க பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ஒகரக் குறி மட்டும் போய்க் 'க' மிஞ்சும். அது பிழையன்று, எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் அவை இரண்டு தனிக் குறியீடுகள். கோப்பை யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதை அறிவித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.