கிண்டில் வாங்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் திருவொற்றியூர், தேரடிக்குப் பக்கத்துத் தெரு. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் கொஞ்சமாவது படிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அது தெரிந்துதான் என்னைக் கூப்பிட்டு, புத்தகம் படிப்பதற்கென்றே ஒரு கருவி வாங்கலாமா வேண்டாமா என்று பேசச் சொன்னார்கள். அலுவலகத்திலும் மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார், "அக்கா, கிண்டில் வாங்கட்டுமா?" என்று. கிண்டில் என்பது அமேசான் கம்பெனியின் கருவி. வேறு கம்பெனிகளும் இந்த மாதிரிக் கருவியைச் செய்கின்றன, ஆனால் நம் வாயில் எல்லாமே கிண்டில்தான், அதனால் நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மெட்ரோவில் இருந்து ஆரம்பிக்கிறேன். 2021 பிப்ரவரியில் எங்கள் பக்கம் மெட்ரோ வந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், காலையில் கால் மணி, மாலையில் கால் மணி உட்கார்ந்து படிக்கிற நேரம். தேரடியில் ஏறினால் புது வண்ணாரப்பேட்டை வரை ரயில் மேலேயே போகும், கடல் பக்கத்து வெயில் சன்னல் வழியாக நேரே மடியில் விழும், அந்த வெயிலில் போனைத் திறந்தால் என் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. அதற்கு அப்புறம் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். போனில் படிக்கலாம்தான், நானும் இரண்டு வருஷம் படித்தேன், ஆனால் தண்டையார்பேட்டை வருவதற்குள் வாட்ஸப்பில் நாலு செய்தி வந்திருக்கும், அதில் ஒன்று அலுவலகத்தில் இருந்து இருக்கும், அதைத் திறந்தால் புத்தகம் போச்சு.

இந்தக் கருவியின் திரை வேறு மாதிரி வேலை செய்கிறது. போன் திரை தானே ஒளி விட்டு எழுத்தைக் காட்டுகிறது, இதுவோ தாள் மாதிரி மேலே விழுகிற வெளிச்சத்தில் தெரிகிறது, வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் பளிச்சென்று இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் தட்டிவிட்டால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நின்றுவிடும், வாசலில் போட்ட கோலம் கிடக்கிற மாதிரி. பக்கம் மாறுகிற நேரத்தில்தான் மின்சாரம் வேண்டும், அதனால் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. இருட்டில் படிக்க ஓரத்தில் சின்ன விளக்குகள் வைத்து, வெளிச்சத்தைத் திரையின் மேலேயே பரப்புகிறார்கள். முதல் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது.

கண்ணுக்கு ரொம்ப நல்லது என்று சொல்லி விற்பார்கள். எனக்கு வெயிலில் சுகமாக இருக்கிறது, கூச்சம் இல்லை, அது உண்மை. ஆனால் தாளோ திரையோ, எதையும் கிட்டத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்த்தால் கண் களைக்கத்தான் செய்யும், நடுவில் தலையைத் தூக்கித் தூரத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, பணம். பேப்பர்வைட் என்ற மாடல் 2025-ல் இங்கே வந்தபோது விலை 16,999 ரூபாய். ஒரு புத்தகம் சராசரியாக 250 ரூபாய் என்று வையுங்கள், அந்தக் காசுக்குக் கிட்டத்தட்ட 68 புத்தகம் வாங்கலாம். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் 10 சதவீதம் கழிவும் கிடைக்கும். "மின்னூல் விலை குறைவாச்சே, போட்ட காசை எடுத்துவிடலாம்" என்பார்கள். ஒரு புத்தகத்துக்கு 100 ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் போட்ட காசை எடுக்க 170 புத்தகம் படிக்க வேண்டும், மாதம் ஒன்று படிக்கிறவருக்குப் 14 வருஷம் ஆகும். ஆகவே காசு மிச்சமாகும் என்று யாரும் இதை வாங்காதீர்கள். பக்கத்தில் கிளை நூலகம் இருக்கிறது, எழும்பூரில் கன்னிமாரா 1896-ல் இருந்து இருக்கிறது. காசு மட்டும்தான் கவலை என்றால் அங்கே போங்கள், நான் இன்றைக்கும் போகிறேன்.

விலையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, தமிழ் படிக்கிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதுதான். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குக் கேட்ட புத்தகம் பெரும்பாலும் மின்னூலாகக் கிடைத்துவிடும். நமக்கு அப்படி இல்லை. கிண்டிலுக்கு மின்னூல் விற்கிற அமேசானின் இணையக் கடையில் தமிழ் 2016 டிசம்பரில்தான் சேர்ந்தது. அதற்கு அப்புறம் நிறைய வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிறு பதிப்பகங்கள் போடுகிற பல நல்ல நூல்கள் இன்னும் தாளில் மட்டும்தான். இந்தப் பக்கம் பார்த்தால், காசே கொடுக்காமல் நியாயமாகப் படிக்கக் கிடைப்பது நம்மிடம் ஏராளம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் போன நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இந்தக் கருவிக்கென்றே ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்த பிடிஎஃப் கிடைக்கும், வரி திரைக்குத் தகுந்த மாதிரி மடங்கி வருகிற ஈபப் என்ற மின்னூல் கோப்பும் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் வரிசையாக இருக்கின்றன.

ஆனால் ஒன்று, அந்த மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப். படம் என்றால் கருவிக்கு அது எழுத்து என்றே தெரியாது, பெரிதாக்கச் சொன்னால் பக்கம் முழுவதும் சேர்ந்து பெரிதாகும், வரி திரைக்குத் தகுந்த மாதிரி மடங்கி வராது. ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர், ஏ4 தாளின் அகலம் 21. அந்தப் பக்கத்தை இதற்குள் அடைத்தால் எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கிவிடும், பத்திரிகையில் ஏலக் குறிப்பு படிக்கிற மாதிரி இருக்கும். நான் கருவி கைக்கு வந்த முதல் வாரமே இப்படி ஐம்பது அறுபது பிடிஎஃப் இறக்கி வைத்தேன், ஒன்றைக்கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை வருவதற்கு முன்னால் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளும் அப்படித்தான், திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும். ஆகவே "இலவசமாக ஆயிரம் புத்தகம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எழுத்தாக இருக்கிறதா படமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஈபப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், இப்போது கிண்டிலுக்கு ஈபப் கோப்பை மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடலாம்.

என்னை வாங்க வைத்தது இவை எதுவும் இல்லை, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சம்பளம் வாங்கிய வாரம் மூர் மார்க்கெட் போய்ப் பழைய புத்தகம் இரண்டு மூன்று வாங்கிவருவார். 1985-ல் மார்க்கெட் எரிந்தபோது சொந்தக்காரர் வீடு எரிந்த மாதிரி அன்று இரவு சாப்பிடாமல் இருந்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் போன பிறகு அந்தப் புத்தகங்களை இரண்டு மரப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். புயலன்று ராத்திரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றுவதா பெட்டியைத் தூக்குவதா என்றிருந்த நேரத்தில் பெட்டி கீழேயே நின்றுபோனது. மூன்று நாள் கழித்துத் திறந்தால் தாளெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் களியாகக் கிடந்தது. தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் புத்தகத்தை எங்கே வைப்பது என்பது உண்மையான கேள்வி. அந்த மூன்று நாளும் மின்சாரம் கிடையாது, போன் முதல் நாளே அணைந்துவிட்டது. வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் என்பதை அப்போதுதான் நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வருஷம், கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவர் புதிது வாங்கியதும் அவருடைய பழைய கருவியை 6,000 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தார். பழையது வாங்குவதில் தப்பே இல்லை, இதில் தேய்கிற பாகம் பாட்டரி ஒன்றுதான் என்று சொல்லலாம். விற்கிறவர் தன் அமேசான் கணக்கில் இருந்து கருவியை நீக்கிக் கொடுத்துவிட்டாரா, திரையில் கோடு விழுந்திருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான். கடைசியாகப் படித்த பத்துப் புத்தகத்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள், இனி படிக்க ஆசைப்படுகிற பத்தையும் எழுதுங்கள். அந்த இருபதில் எத்தனை தமிழில் எழுத்துக் கோப்பாகக் கிடைக்கிறது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தேடுங்கள். ஏழெட்டுக்குக் கீழே என்றால் இப்போதைக்கு வேண்டாம், நூலகத்துக்குப் போகலாம், சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளத்தில் மூர் மார்க்கெட்டின் மிச்சமாகப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பத்துக்கு மேல் என்றால் அதில் ஒன்றைக் கிண்டில் செயலியில் போனிலேயே படித்துப் பாருங்கள், செயலி இலவசம்தான். முதலில் இருந்து கடைசி வரை படித்து முடித்து, நடுவில் வெயிலும் வாட்ஸப்பும் உங்களைப் படுத்தின என்றால் கருவி வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். நாற்பதாவது பக்கத்தில் நின்றுபோனால் 17,000 ரூபாயைக் கையிலேயே வைத்திருங்கள், ஏனென்றால் நேரம் ஒதுக்குவது என்ற வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர் ஆசையாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதில் காசு கொடுத்து வாங்குகிற புத்தகம் நமக்குச் சொந்தம் இல்லை, படிக்க உரிமை மட்டும்தான். 2009-ல் உரிமைச் சிக்கல் ஒன்று வந்தபோது, விற்ற நாவலை அமேசான் வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே தூரத்தில் உட்கார்ந்து அழித்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் செய்தது செய்ததுதான். 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றுகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள். இலவசமாக எடுக்கிற ஈபப் கோப்புகளை நான் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று தனியாக வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கிற சுகமும் இதில் இல்லை, கருவியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பிடித்துப்போன புத்தகத்தை நான் இன்னும் தாளில் வாங்கித்தான் வைக்கிறேன், இப்போது பரண் மேல்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கண்புரை அறுவை செய்த பிறகும் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை, ஐந்தாறு வருஷமாகப் படிப்பதையே விட்டிருந்தார். கருவி வந்த மாதம் அப்பா வைத்திருந்த பழைய பயண நூல் ஒன்று ஈபப்பாகக் கிடைத்தது, எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். அவ்வளவு பெரிய எழுத்தில் வரிக்கு மூன்று சொல்தான் வருகிறது, நம் சொற்கள் நீளம், இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி வைத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடது ஓரம் மட்டும் சேரும்படி மாற்றிக் கொடுத்தேன். "இப்போ தெரியுதுடி" என்றார். அன்றிலிருந்து பகலெல்லாம் அது அவரிடம்தான், நான் ரயிலுக்கு நூலகப் புத்தகம் எடுத்துப் போகிறேன். பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிற பழக்கம் மட்டும் அவருக்குப் போகவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் பழைய பருத்திச் சேலைத் துணியால் திரையைத் துடைத்துவிட்டு, எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்க்கிறேன். நேற்று பாதியைத் தாண்டியிருந்தார்.

நன்றி, வணக்கம்.