மீறியவள் மாதவியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடிப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சமூகம் போட்ட கோட்டைத் தாண்டியவள் கண்ணகியா, மாதவியா?" என்பது இன்றைய தலைப்பு. நான் மாதவி பக்கம். இந்த ஊரில் நின்று மாதவிக்காகப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கண்ணகி பிறந்த காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைந்த அவை இது. கண்ணகி உங்கள் வீட்டுப் பெண். பெண் வீட்டார் நடுவில் எழுந்து நின்று, மாப்பிள்ளையின் இன்னொரு வீட்டுக்காக வாதாட வந்திருக்கிறேன். கோபம் வந்தால் கைதட்ட வேண்டாம், சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா "தேரா மன்னா!" என்று முழங்கியபோது நானும் கைதட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். ஒற்றைச் சிலம்போடு அரசன் முன்னால் போய் நின்று, அவனைத் தலைகுனிய வைத்தவள் கண்ணகி. அதை யார் மறுக்க முடியும்? நான் கேட்பது வேறு. அவள் மீறியது எதை? பாண்டியனின் நீதியை மீறினாள், சரி. ஒரு மனைவி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் வகுத்து வைத்திருந்ததே, அதை மீறினாளா?

பன்னிரண்டு வயதில் கல்யாணம். கோவலனுக்குப் பதினாறு. கொஞ்ச நாளில் மாமியார் இருவரையும் தனிக்குடித்தனம் வைக்கிறார். இந்த ஊர் ஆச்சிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வளவுக்குள், அதாவது ஒரே பெரிய வீட்டுக்குள், மகனையும் மருமகளையும் வேறு வைக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. வேறு வைத்த வீட்டில் கண்ணகி எதற்காக அழுதாள் தெரியுமா? சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் அவளே சொல்கிறாள். "அறவோர்க்கு அளித்தலும், அந்தணர் ஓம்பலும், துறவோர்க்கு எதிர்தலும், தொல்லோர் சிறப்பின் விருந்து எதிர் கோடலும்" இழந்தேன் என்கிறாள். கணவன் இல்லாத வீட்டில் விருந்தாளியை வரவேற்க முடியவில்லையே என்பதுதான் அவள் குறை. தன் உடம்பு, தன் மனசு, தன் வயசு வீணானது பற்றி ஒரு சொல் இல்லை. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று கணவனைக் கண்டிக்கிறாளே என்பீர்கள். ஆமாம், கண்டிக்கிறாள். அதே மூச்சில், நீங்கள் சொன்னதை மறுக்காத மனசு எனக்கு, அதனால்தான் கிளம்பி வந்தேன் என்றும் சொல்லிவிடுகிறாளே!

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்களின் வீடுகள் இந்த ஊரில் தெருத்தெருவாக இருக்கின்றன. வருஷக்கணக்கில் காத்திருந்த ஆச்சிமார் அந்த வீடுகளைக் கட்டிக் காத்தார்கள், வரவு செலவு பார்த்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். சில வீடுகளில், போன இடத்தில் இன்னொரு குடித்தனம் இருப்பதாகச் சேதி காதில் விழும். ஆச்சி வாயைத் திறக்க மாட்டார். முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் "கண்ணகி மாதிரி" என்பார்கள். இந்தப் பாராட்டு யாருக்கு வசதி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அக்கரையில் இருந்தவளுக்கு மட்டும் ஊர் வாயில் பெயரே கிடையாது. அவளும் ஒருத்திக்கு மகள், ஒரு குழந்தைக்குத் தாய்.

இப்போது என் கட்சிக்காரிக்கு வருகிறேன்.

மாதவிக்கும் அரங்கேறும்போது வயது பன்னிரண்டு. ஏழு வருஷம் ஆடலும் பாடலும் பயின்று, சோழன் முன்னால் ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பரிசாக வாங்குகிறாள். அப்புறம் என்ன நடக்கிறது? ஒரு மாலையைக் கூனியின் கையில் கொடுத்து, பணக்கார இளைஞர்கள் திரியும் தெருவில் நிறுத்துகிறார்கள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து இந்த மாலையை வாங்குகிறவன் மாதவிக்கு மணாளன். அரசன் அவள் கலைக்குக் கொடுத்த அதே தொகைதான் தெருவில் அவளுக்கே விலையாகிறது. அந்தத் தெருவில் நின்ற யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. இளங்கோ விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா நகர்ந்துவிடுகிறார். எனக்குப் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிற இடம் அது.

சமூகம் அவளிடம் எதிர்பார்த்தது என்ன? ஒருவன் போனால் இன்னொருவன். மாலையை மறுபடி தெருவுக்கு அனுப்பு. அவ்வளவுதான். கடற்கரையில் இருவரும் பாடிய கானல்வரிப் பாட்டுக்குப் பிறகு கோவலன் எழுந்து போய்விடுகிறான். அவள் அனுப்பியது மாலையை அல்ல, கடிதத்தை. தாழம்பூவின் வெள்ளை மடல், எழுத்தாணிக்குப் பதிலாகப் பிச்சியின் கொழுத்த மொட்டு, மைக்குச் செம்பஞ்சுக் குழம்பு. தோழி வசந்தமாலை அதைக் கூலக் கடைத்தெருவில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்கவில்லை. ஆடல் மகள்தானே, நடிப்பாள் என்கிறான். ஊர் என்ன சொல்லுமோ அதையே காதலித்தவனும் சொல்கிறான்.

இரண்டாவது கடிதம் மதுரைக்குப் போகும் வழியில், கௌசிகன் என்ற அந்தணன் கையில் வருகிறது. மண் இலச்சினையில் அவள் கூந்தலின் பதிவு. கூடி இருந்த காலத்து எண்ணெய் மணம் அதில் இன்னும் இருக்கிறது. கோவலன் உடனே பிரிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நிற்கிறான். பிரித்துப் படித்தால், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு, குலத்தில் பிறந்த பெண்ணோடு இரவோடு இரவாகப் போக நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டிருக்கிறாள். கெஞ்சல் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். தன்னை விட்டுப் போனவனின் மனைவியைக் "குலப்பிறப்பாட்டி" என்று மரியாதையோடு எழுதுகிற கை அது. படித்ததும் கோவலன் "தன் தீது இலள், என் தீது" என்கிறான். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள அவனை வைத்தது, அவன் நடிப்பு என்று தள்ளிய அதே பெண்ணின் எழுத்து.

ஆனாலும் என் வழக்கு கடிதத்தோடு முடியவில்லை. கோவலன் இறந்த செய்தி காவிரிப்பூம்பட்டினமான புகாருக்கு வருகிறது. தாய் சித்திராபதி காத்திருக்கிறாள். இந்திர விழா வருகிறது, மாதவியும் மணிமேகலையும் ஆட வேண்டும். வராவிட்டால் ஊர் பழிக்கும் என்று வசந்தமாலை வந்து சொல்கிறாள். மாதவி சொன்ன பதிலை மணிமேகலைக் காப்பியத்தில் பாருங்கள். "மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை" தவத்துக்குத்தான் போவாள், அந்தத் தீத்தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள். தான் பெற்ற பெண்ணைக் கண்ணகியின் மகள் என்கிறாள்! தாய்வழியாகத் தொடர்ந்து வந்த ஒரு தொழிலை ஒரே பேச்சில் அறுத்துவிடுகிறாள். அரசனும் இல்லை, சட்டமும் இல்லை, கூட நிற்கப் பெற்ற தாயும் இல்லை.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1886-இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் தேவதாசி மரபில் வந்தவர். மகள் மருத்துவரானார், 1927-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார், பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சட்டம் முழுசாக வர 1947 ஆயிற்று. இவ்வளவு பேர், இவ்வளவு வருஷம் போராடியதை மாதவி தன் வீட்டுக்குள் தனியாகச் செய்து முடித்தாள்.

எதிரணிக்கு இன்னும் ஒன்று. கண்ணகி மதுரையை எரிக்கும்போது யாரைத் தொடாதே என்று தீயிடம் சொன்னாள்? பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள். கோபத்தின் உச்சியிலும் ஊர் மதித்த பட்டியல் அப்படியே இருக்கிறது. மதுரையில் ஒரு மாதவி குடியிருந்திருந்தால் அவளுக்கு அதில் எந்த இடம்? 1968-இல் மெரினாவில் நாம் கண்ணகிக்குச் சிலை வைத்தோம். வைக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. எதிர்பார்ப்பை நிறைவேற்றியவளுக்குத்தானே ஊர் சிலை வைக்கும்!

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். சேரர் தலைநகர் வஞ்சியில் கண்ணகியைத் தெய்வமாக நிறுத்திய பிறகு, புகாரிலிருந்து வந்த தோழி அந்தச் சிலைக்கு முன் நின்று பேசுகிறாள். "ஏதிலார் தாம் கூறும் ஏச்சுரையும்" கேட்டு ஏங்கிய மாதவியைப் பற்றிப் பேசுகிறாள். "மாதவி தன் துறவும் கேட்டாயோ தோழீ" என்று கண்ணகியிடமே கேட்கிறாள். அதே கேள்வியை எதிரணித் தலைவரிடம் வைத்துவிட்டு உட்காருகிறேன். அடுத்து அவர்தான் பேச வேண்டும்.