காசு தந்தவருக்கு நன்றி சொல்லுவம், கழகத்த எழுதிக் குடுக்க மாட்டம்

எல்லாருக்கும் வணக்கம். நடுவர் ஐயாவுக்கும், எதிரணி அண்ணனுக்கும் தங்கச்சிக்கும், இந்த மட்டக்களப்புக் கல்லடி மணலில பாய் விரிச்சி இவ்வளவு நேரமும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமாருக்கும், அங்கால மதிலுக்கு மேல ஏறி இருக்கிற பொடியன்மாருக்கும் வணக்கம்.

ஒரு விளையாட்டுக் கழகம் நிண்டு பிடிக்கிறது காசு போடுற உரிமையாளராலயா, ஊர்ச் சனத்தாலயா? இதான் இண்டைக்குத் தந்த தலைப்பு. நான் ஊர்ச் சனத்தாலதான் எண்டு பேச வந்திருக்கன். நான் பெரிய விளையாட்டுக்காரன் இல்ல, கோட்டுக்கு வெளிய நிண்டு கத்துற ஆள், தோத்த மெட்ச்தான் கூடப் பாத்திருக்கன், தோத்துப்போட்டு வாற பொடியன்மாருக்கு வேனுக்குள்ள தண்ணிப் போத்தல் எடுத்துக் குடுத்த ஆள், அந்த இடத்தில நிண்டுதான் பேசுறன்.

எனக்கு முன்னால பேசின தங்கச்சி நல்லாப் பேசினவ, அத மறைக்க ஏலாது. பந்து என்ன விலை, பூட்ஸ் என்ன விலை, அக்கரைப்பற்றுக்கோ திருகோணமலைக்கோ டீம் போறதெண்டா வேன் கூலி எவ்வளவு, இதெல்லாம் சனமா தரப்போகுது, சனம் கைதட்டத்தான் வரும், காசுக்கு ஒரு முதலாளி வேணும், காசு போட்டவர் முடிவெடுத்தா அதில என்ன பிழை எண்டு கேட்டவ. இங்கிலாந்து உதைபந்துக் கழகம் மன்செஸ்டர் சிட்டியப் பாருங்க, 2008ல அபுதாபிக் காசு வந்த பிறகுதானே கப்புக்கு மேல கப் எண்டும் சொன்னவ.

காசு வேணும் தங்கச்சி. இல்லாம ஒண்டும் நடக்காது, அத எங்கட அணியில ஒருத்தரும் மறுக்கல்ல. நாங்க கேக்கிறது வேற. காசு தந்த உடன கழகம் அவருக்குச் சொந்தமாகிடுமா? வாடகைக்கு வந்தவர் ரெண்டு மாச அட்வான்ஸ் குடுத்துப்போட்டு வீட்டு உறுதியத் தாங்க எண்டு கேட்டா குடுப்பமா?

எங்கட நாட்டு எல்பிஎல்லயே எடுப்பம். 2020ல தொடங்கின லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெட். 2024 வரைக்கும் 5 தொடர் நடந்தது, அதில ஒண்டிலயும் கிழக்கு மாகாணத்துக்கு ஒரு அணி இல்ல, அதனால எங்கட பொடியன்மார் கனபேர் யாழ்ப்பாண அணியத்தான் எங்கட டீம் எண்டு வச்சிப் பாத்தவங்க, யாழ்ப்பாணத்துப் பொடியன் வியாஸ்காந்த் பந்து போட வந்தா மட்டக்களப்பில கடைக்குக் கடை டீவிக்கு முன்னால சனம் நிண்டது. அந்த அணி முதல் வருசம் ஸ்டாலியன்ஸ், கப் அடிச்சது. கப் அடிச்ச கையோட உரிமையாளர் மாறிட்டாங்க, அடுத்த வருசம் கிங்ஸ். மறுகா 2021லயும் 2022லயும் 2024லயும் கப். 5ல 4 கப் நடுவர் ஐயா, இத விட ஒரு அணி என்ன செய்ய வேணும்? 2025ல என்ன நடந்தது? உரிமையாளர் தரப்பு ஒப்பந்தத்தில சொன்ன கடமையச் செய்யல்ல எண்டு சொல்லி யாழ்ப்பாண அணியின்ட உரிமத்த ரத்துச் செஞ்சாங்க, கொழும்பு அணியினதும் அப்பிடித்தான். ஆட்டத்தில தோத்துப் போகல்ல, கோட்டுக்குள்ள நிண்டவங்க ஒரு பிழையும் விடல்ல, கணக்கு வழக்குப் பாத்தவங்களாலதான் போச்சுது. இன்னொண்டும் சொல்லுறன், அந்த 5 தொடர்லயும் யாழ்ப்பாணப் பேர் போட்ட அணி யாழ்ப்பாண மண்ணில ஒரு மெட்ச் ஆடல்ல. ஊரின்ட பேர எடுத்தாங்க, ஊருக்கு ஒரு நாள் கூட அணியக் கொணந்து காட்டல்ல.

அதே லீக்கில தம்புள்ளை அணிய யோசிச்சிப் பாருங்க. வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்சர்ஸ். 5 தொடருக்குள்ள ஒரு அணிக்கு 5 பேர் மாத்தி வச்சாங்க. ஒரு சின்னப் பொடியன் 2020ல அப்பாட்ட அழுது ஜேர்சி வாங்கினான் எண்டா அந்த ஜேர்சி அடுத்த வருசம் செல்லாக்காசு. 2024 மே மாசம் தண்டர்ஸ் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில கட்டுநாயக்க விமான நிலையத்தில வச்சிக் கைதானார், அந்த அணியின்ட ஒப்பந்தம் முடிஞ்சிது, பிறகுதான் சிக்சர்ஸ் வந்தது. ஒரு மனுசனுக்குக் கை விலங்கு போட்டா ஒரு ஊரின்ட அணியே இல்லாமப் போறதெண்டா அந்தக் கட்டுமானத்திலதான் பிழை இருக்கு. தங்கச்சி சொன்ன ‘காசு போட்டவர் முடிவெடுப்பார்’ எண்ட முறை கடைசியில வந்து நிக்கிற இடம் இதுதான்.

பெரிய கதை விடுவம், எங்கட ஊர்க்கதை ஒண்டு சொல்லுறன். கழகத்தின்ட பேரும் சொல்ல மாட்டன், ஆளின்ட பேரும் சொல்ல மாட்டன். கரையோரத்தில ஒரு உதைபந்துக் கழகம், சுனாமியில பதிவுப் புத்தகம், கப், நெட் எல்லாத்தையும் கடல் கொண்டு போனது, விளையாடின பொடியன்மார் சில பேரும் திரும்பி வரல்ல. அப்பிடி இருந்து திரும்ப எழும்பின கழகம். அதுக்குப் பிறகு ஒரு முதலாளி வந்தார். முதல்ல போசகர் எண்டு வந்தார், நல்ல மனுசனாத்தான் வந்தார், பந்து தந்தார், ரெண்டு செட் ஜேர்சி தந்தார், எங்களுக்கும் சந்தோசம், மாலை போட்டம். அடுத்த வருசம் தலைவர். அதுக்கடுத்த வருசம் கழகத்தின்ட பேருக்கு முன்னால அவரின்ட கடைப் பேர் வந்தது, நீலமும் வெள்ளையுமா இருந்த ஜேர்சி செம்மஞ்சள் ஆனது, ஏனெண்டு கேட்டதுக்குக் கடைப் போர்ட் அந்தக் கலர்தான் எண்டு சொன்னாங்க. மறுகா வெளிய இருந்து காசுக்கு ஆட்டக்காரர் வந்தாங்க, எங்கட பொடியன்மார் பெஞ்சில. ஒரு சுற்றுப்போட்டியில கப்பும் வந்தது, அத நான் இல்லை எண்டு சொல்லல்ல, ஆனா அண்டைக்கு ஃபைனலுக்கு எங்கட ஊரில இருந்து ஒரு பஸ் நிரம்பச் சனம் வரல்ல. தோத்த காலத்தில ரெண்டு பஸ் வந்த ஊர் அது.

அதுக்குப் பிறகு அவருக்கு யாவாரத்தில என்ன நடந்ததோ, எலக்சன் கணக்குப் பிழைச்சதோ, போன் எடுக்கிறத விட்டுட்டார். வங்கிப் புத்தகம் அவரின்ட ஆளிட்ட. நெட்டும் பந்தும் அவரின்ட களஞ்சியத்தில. வருடாந்தப் பொதுக்கூட்டம் வைக்கல்ல, கணக்கறிக்கை இல்ல, அதனால பிரதேச செயலகத்தில கழகத்தின்ட பதிவு புதுப்பிக்க ஏலாமப் போச்சு, பதிவு இல்லாட்டி லீக்கில சேர ஏலாது, ஒரு முழு சீசனும் எங்கட பொடியன்மார் மற்ற ஊர் மெட்ச் பாத்துக்கொண்டு நிண்டாங்க. 18, 19 வயசில ஒரு சீசன் போனா அது திரும்பி வருமா நடுவர் ஐயா? அந்த வயசிலதான் அவனுக்குக் கால் ஓடும், அந்த வயசிலதான் மாவட்ட டீமுக்கு ஆள் எடுப்பாங்க.

திரும்ப ஆர் எழுப்பினது? மீன் விக்கிற சனம் ஒரு நாள் உழைப்பைத் தந்தது, ஓட்டோக்காரர் கூலி வாங்காம ஏத்தி இறக்கினாங்க, பழைய நீல ஜேர்சிகள ஒரு அக்கா அலுமாரிக்குள்ள தோச்சி மடிச்சி வச்சிருந்தவ, அத எடுத்துத் தந்தவ, ஒரு ரீச்சர் இருந்து யாப்பத் திரும்ப எழுதித் தந்தவ. சனம் கைதட்ட மட்டும்தான் வரும் எண்டு தங்கச்சி சொன்னவதானே, இவங்களை எந்தக் கணக்கில போடப் போறீங்க?

இஞ்ச மட்டும் நடக்கிற விசயமும் இல்ல இது. இங்கிலாந்தில பரி எண்டு ஒரு உதைபந்துக் கழகம், 1885ல தொடங்கினது, அந்த நாட்டின்ட பெரிய கப்பான எஃப்ஏ கப் ரெண்டு தரம் அடிச்சது. அத 2018ல ஒருத்தர் ஒரே ஒரு பவுணுக்கு வாங்கினார், கடனோட. அடுத்த ஓகஸ்ட்ல லீக்க விட்டே தூக்கிட்டாங்க. தூக்கின அதே நாள் கூட ரசிகர்மார் நூற்றுக்கணக்கில போய் மைதானத்தக் கூட்டித் துடைச்சி கதிரை கழுவினாங்க, எப்பிடியும் மெட்ச் நடக்கும் எண்ட நம்பிக்கையில. அத வாசிச்ச அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல.

அதே நாட்டில விம்பிள்டன். 1988ல லிவர்பூல ஒண்டுக்குப் பூச்சியம் அடிச்சி எஃப்ஏ கப் எடுத்த டீம். உரிமையாளர்மார் கழகத்தையே மில்டன் கீன்ஸ் எண்ட வேற ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டாங்க, 2002ல அனுமதியும் கிடைச்சிது. ரசிகர்மார் என்ன செஞ்சாங்க? அதே வருசம் புதுசா ஏஎஃப்சி விம்பிள்டன் எண்டு தொடங்கினாங்க, ஊர்ப் பொதுவெளியில வச்சி ஆட்டக்காரரத் தெரிவு செஞ்சாங்க, லீக் அடுக்கில ஒன்பதாம் படியில இருந்து ஏறி 2011ல திரும்ப லீக்குக்கு வந்துட்டாங்க, 2020ல பழைய ப்ளவ் லேன் றோட்டுக்கே சொந்த மைதானத்தோட திரும்பி வந்தாங்க. இண்டைக்கும் அந்தக் கழகம் ரசிகர் அறக்கட்டளையின்ட கையிலதான். மன்செஸ்டர் சிட்டி தெரியும் எண்டா விம்பிள்டனையும் தெரிஞ்சிருக்க வேணும் தங்கச்சி.

பக்கத்தில கல்கத்தாவுக்கு வாங்க. மோகன் பகான் எண்ட உதைபந்துக் கழகம், 1889ல தொடங்கினது, 1911ல வெள்ளைக்காரப் பட்டாள அணியத் தோக்கடிச்சி ஐஎஃப்ஏ ஷீல்ட் எண்ட கப் எடுத்தது. 2020ல காசுக்காக இன்னொரு அணியோட சேத்து ஏடிகே மோகன் பகான் எண்டு பேர் வச்சாங்க. கப் அடிச்சாலும் பரவாயில்ல, அந்த மூண்டு எழுத்த எடு எண்டு சனம் றோட்டுக்கு இறங்கினது. 2023ல இந்திய உதைபந்து லீக்கான ஐஎஸ்எல் கப் அடிச்ச இரவே, ஏடிகேய எடுக்கிறம் எண்டு முதலாளியே வாயால சொல்ல வேண்டி வந்தது. கப் வந்தா சனம் எல்லாத்தையும் மறந்திடும் எண்டு நினைக்கிறவங்களுக்குக் கல்கத்தாச் சனம் காட்டிப்போட்டுது.

இப்ப எதிரணி அண்ணன் எழும்பி ஒண்டு கேப்பார், எனக்குத் தெரியும். அங்கத்தவர் கையில இருக்கிற கழகம் மட்டும் கடன்படாதா, ஸ்பெயின் கழகம் பார்சிலோனாவப் பாருங்க எண்டு. பாப்பம் அண்ணன். ஒரு லட்சத்துக்கு மேல அங்கத்தவர் இருக்கிற கழகம், கடன்ல முங்கினது, 2021ல மெஸ்ஸியவே வச்சிருக்க ஏலாம அனுப்பினாங்க, உண்மைதான். ஆனா அந்தக் கடனுக்குக் காரணம் எண்டு சனம் நினைச்ச தலைவர் என்ன ஆனார்? அங்கத்தவர் கையெழுத்துச் சேத்து நம்பிக்கையில்லாப் பிரேரணைக்குப் போனாங்க, வாக்கெடுப்பு வர முன்னமே 2020 ஒக்டோபர்ல ராஜினாமாச் செஞ்சிட்டுப் போனார். எங்கட கரையோரக் கழகத்தில அந்த முதலாளிய நாங்க எந்தக் கூட்டத்தில வச்சிக் கேட்டிருக்க ஏலும்? கூட்டமே வைக்கல்லையே. பிழை எல்லா இடத்திலயும் வரும், வாற நேரம் கேள்வி கேக்கிறதுக்கு எங்களுக்கு ஒரு கதிரை இருக்குதா எண்டதுதான் என்ட கேள்வி. ஜேர்மனியில அத உதைபந்து லீக் விதியாவே வச்சிருக்காங்க, 50க்கு மேல ஒண்டு எண்ட விதி, 1998ல இருந்து. எவ்வளவு காசு போட்டாலும் வாக்குரிமையில பாதிக்கு மேல அங்கத்தவரிட்டத்தான் இருக்க வேணும். ஒண்டு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, இருந்தும் காசுக்காரர் அங்க வராம இல்ல, காசு வருகுது, சனம் கதிரைய விட்டுக் குடுக்கல்ல, அவ்வளவுதான்.

இது எங்களுக்குப் புதுசா? எங்கட மட்டக்களப்புக் கோயில்கள நினைச்சிப் பாருங்க, ஒரு தனி ஆளா வச்சிருக்கார்? குடிக்குக் குடி வண்ணக்கர்மார் எண்ட கோயில் பொறுப்பாளர்மார் இருந்துதான் கணக்குப் பாக்கிறாங்க. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனையில பள்ளிவாசலுக்கு நம்பிக்கையாளர் சபை இருக்கு. ஆரும் ஒரு கோடி தந்தாலும் பேர்க்கல்லில பேர் வரும், கோயில் அவருக்குப் போகாது. இத நூற்றாண்டுக் கணக்கில நடத்தின சனத்துக்கு ஒரு விளையாட்டுக் கழகத்த நடத்தத் தெரியாதா?

இஞ்ச மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் போறீங்கதானே, அந்தப் பேர் எப்பிடி வந்தது? அமெரிக்காவில நியூ ஓர்லியன்ஸ்ல இருந்து வந்த யேசு சபைத் துறவி வெபர் சுவாமி, புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்மாருக்கு விளையாட்டுப் பழக்கினவர், வாழ்நாளில பெரும்பங்க இஞ்சதான் குடுத்தவர். அவர் ஒரு அணியையும் வாங்கல்ல, தன்ட பேரை ஒரு ஜேர்சியிலயும் அடிக்கல்ல. ஊர்தான் தானா அந்தப் பேர மைதானத்துக்கு வச்சது.

வெளிநாட்டில இருக்கிற எங்கட உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. லண்டன்ல, சுவிஸ்ல, கனடாவில இரவு வேலை செஞ்சி மிச்சம் பிடிச்ச காசத்தான் அனுப்புறீங்க, அது எங்களுக்குத் தெரியும், அந்தக் காசில வாங்கின பூட்ஸோட ஓடுற பொடியன்மார் இஞ்ச இருக்காங்க. அனுப்புங்க. ஆனா தனி ஆளின்ட கணக்குக்கு அனுப்பாதீங்க, கழகக் கணக்குக்கு அனுப்புங்க, பற்றுச்சீட்டுக் கேளுங்க, கணக்கறிக்கை கேளுங்க. ஆர் கப்டன், ஆர் கோல் கீப்பர் எண்டத மட்டும் போன்ல சொல்லாதீங்க, அத கோச் பாத்துக்கொள்ளட்டும்.

நடுவர் ஐயா மணியில கை வைக்கிறார், முடிக்கிறன். எங்கட கழகத்தில இப்ப யாப்பில எழுதி வச்சிருக்கம். காசு தாறவரின்ட பேர் ஜேர்சிக்குப் பின்னால வரலாம். கழகத்தின்ட பேர், நிறம், மைதானம் இது மூண்டிலயும் ஒரு மாற்றம் எண்டா பொதுக்கூட்டத்தில அங்கத்தவர் கை உயர்த்த வேணும். வங்கிப் புத்தகத்துக்கு ஒப்பம் வைக்க மூண்டு பேர், மூண்டு வீட்டு ஆக்கள். இது வந்த பிறகும் காசு தர ஆள் வருகுது, ரெண்டு கடைக்காரர் தாறாங்க, ஒருத்தரும் உறுதி கேக்கல்ல. போன சீசனும் தோத்தம், அடுத்த சுற்றுக்குப் போகல்ல, ஆனா எங்கட பொடியன்மார் எங்கட நீலத்தில ஆடித் தோத்தாங்க, ரெண்டு பஸ் சனம் வந்தது. ஆனபடியால் கழகம் நிண்டு பிடிக்கிறது ஊர்ச் சனத்தாலதான் எண்டு நடுவர் ஐயா தீர்ப்புத் தர வேணும். எதிரணித் தங்கச்சியும் அண்ணனும் எங்கட அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வாங்க, அங்கத்துவப் பணம் நூறு ரூபா, பொருளாளர் மேடைக்குக் கீழ வலப்பக்கம் புத்தகத்தோட நிக்கிறார். நன்றி, வணக்கம்.