லாரி போன பிறகு ஆற்றைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அக்டோபர் நடுவில் நியூஜெர்சியின் ஆற்றுப் பாலங்களில் ஒரு லாரி வந்து நிற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பின்னால் தண்ணீர்த் தொட்டிகள். ஆட்கள் இறங்கி, வலையில் அள்ளி, பெரிய பெரிய மீன்களை ஆற்றில் விடுவார்கள். அவை மாநில அரசின் பெக்வெஸ்ட் மீன் பண்ணையில் வளர்ந்த ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்கள். ஒவ்வொன்றும் 14 முதல் 16 அங்குலம் இருக்கும். சுமார் ஒன்றரை பவுண்டு எடை.

வசந்தத்தில் லட்சக்கணக்கில் விடுகிறார்கள். இப்போது விடுவது சுமார் 20,000தான். ஆனால் கோடையில் இந்த ஆறுகள் பலவும் ட்ரவுட் தாங்காத அளவுக்குச் சூடாகிவிடும். வசந்தத்தில் விட்ட மீனுக்கு முன்னால் இரண்டு மூன்று மாதம்தான் குளிர்ந்த தண்ணீர். இப்போது விடுகிற மீனுக்கோ அடுத்த ஜூன் வரை இருக்கிறது. அதனால் விடுகிற நாளன்றே ஓட வேண்டியதில்லை. லாரி எந்தப் பாலத்துக்கு எப்போது வரும் என்று விசாரிக்கிற அக்கறையில் பாதியைத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதில் காட்டினால் போதும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஏன் ரெயின்போ மட்டும் என்று கேட்பீர்கள். முன்பு புரூக், பிரவுன் ட்ரவுட்களையும் வளர்த்தார்கள். 2013இல் பெக்வெஸ்ட் பண்ணையில் ஃபுருங்குலோசிஸ் என்ற பாக்டீரியா நோய் பரவியது. ரெயின்போவுக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தி அதிகம். அதனால் அதற்கே மாறினார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு: ரெயின்போ முட்டையிடுவது வசந்தத்தில். ஆற்றிலேயே பிறந்த பிரவுனும், 1991 முதல் இந்த மாநிலத்தின் மீனாக இருக்கும் புரூக் ட்ரவுட்டும் இப்போதுதான் முட்டையிடுகின்றன; அதில் ரெயின்போ போட்டிக்கு வராது.

சரி, தண்ணீருக்கு வருவோம். முதல் கருவி தூண்டிற்கோல் அல்ல, வெப்பமானி. கயிறு கட்டிய சின்ன வெப்பமானி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கரையோரம் வெயில் படுகிற ஆழமில்லாத தண்ணீரில் வைத்துப் பார்க்காதீர்கள், அது பொய் சொல்லும். ஓட்டம் உள்ள இடத்தில், முழங்கால் ஆழத்தில், உங்கள் நிழலிலேயே இரண்டு நிமிடம் பிடியுங்கள்.

50 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நல்ல நாள். 65 தாண்டினால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். 68 காட்டினால் தூண்டிலைச் சுருட்டி வீட்டுக்குப் போங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ அதிகம். அந்த நிலையில் இழுத்துப் போராடிய மீனைத் திரும்ப விட்டாலும், நீந்திப் போவதுபோல் தெரியும், பிறகு செத்துவிடும். அக்டோபர் தொடக்கத்தில் வெயில் அடிக்கிற வாரங்களில் இது நடக்கும். குளிர்காலம் வந்துவிட்டது என்று நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

40க்குக் கீழே போனால் வேறு கதை. மீன் ஆழமான மடுவில் அடியோடு அடியாக ஒதுங்கிவிடும். இரை மூக்குக்கு நேரே வந்தால்தான் வாய் திறக்கும். ஆகவே நவம்பர் கடைசியில் விடியற்காலையில் எழுந்து நடுங்க வேண்டாம். பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புங்கள். மாற்றத்தையும் கவனியுங்கள். இரவோடு இரவாக ஏழெட்டு டிகிரி இறங்கியிருந்தால் மீன் வாயை மூடிக்கொள்ளும். மதியத்துக்குள் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் பூச்சிகளும் எழும், மீனும் எழும். அதனால்தான் வந்தவுடன் ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை அளக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, நீரோட்டத்தின் அளவு. ஹை பிரிட்ஜ் அருகில் ராரிட்டன் தென்கிளை, புளூம்ஸ்பெரி அருகில் மஸ்கனெட்காங், பெக்வெஸ்ட், பிளாட்புரூக் ஆகிய ஆறுகளில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் அளவுமானிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே கைபேசியில் பார்க்கலாம். விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். எண்ணை மட்டும் பார்த்தால் பயனில்லை. அந்தத் தேதிக்குப் பல ஆண்டுகளின் இடைநிலை அளவையும் அதே படத்தில் காட்டுவார்கள். இன்றைய அளவு அதற்கு மேலா கீழா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

2024 அக்டோபரில் இந்த மாநிலத்தில் மழை என்பதே இல்லை. பதிவேடுகளிலேயே மிக வறண்ட மாதம் அது. அப்படிப்பட்ட தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், மீன் உங்கள் நிழலைக் கண்டாலே ஓடும். கரையிலிருந்து தள்ளி நின்று, மெல்லிய நரம்பு போட்டு, சலசலத்து ஓடுகிற இடங்களைத் தேடுங்கள். அங்கேதான் ஆக்சிஜனும் உண்டு, மறைவும் உண்டு. மழை பெய்து தண்ணீர் ஏறும்போது செம்மண் கலங்கலும் இலையும்தான் வரும், போகாதீர்கள். வடியத் தொடங்கி, பால் சேர்க்காத தேநீர் நிறத்தில், முழங்கால் ஆழத்தில் உங்கள் காலணி தெரிகிற நேரம் இருக்கிறதே, அதுதான் நேரம். முதல் நல்ல மழையில்தான் பாலத்தடியில் கும்பலாக நின்ற பண்ணை மீன்கள் கலைந்து ஆறு முழுக்கப் பரவும்.

அந்தக் கும்பலைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ணையில் நெருக்கமாக, தீவனம் தின்று வளர்ந்தவை. முதல் இரண்டு மூன்று நாள் விட்ட இடத்திலேயே கூட்டமாக நிற்கும், பயண அலுப்பில் பல மீன்கள் இரையே எடுக்காது. கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதன் தலைமேல் நாள் முழுக்க வீசுகிறவர்கள்தான் வெறுங்கையோடு போகிறார்கள்.

தூண்டிலுக்கு வருகிறேன். 9 அடிக் கோல், 5ஆம் எண் கயிறு, அதன் முனையில் கட்ட 9 அடி முன்நரம்பு. இரைக்குப் பதில் ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலி இரை. முதல் வாரத்தில் கரும்பச்சை அல்லது கறுப்பு வூலி பக்கர் என்ற ஃப்ளை, 8 அல்லது 10ஆம் எண் முள், நுனி நரம்பு 4எக்ஸ். முட்டைபோல் உருண்டையாகக் கட்டிய ஆரஞ்சு ஃப்ளையும் எடுக்கும். இரண்டு வாரம் கழித்து மீன் தீவனத்தை மறந்து பூச்சிக்குப் பழகும். அப்போது பூச்சிபோல் கட்டிய ஃபெசன்ட் டெய்ல் என்ற ஃப்ளை, 16ஆம் எண், 5எக்ஸ். மேகமூட்டமான பிற்பகலில் சின்னச் சின்ன ஆலிவ் நிறப் பூச்சிகள் எழும். அதற்கு 20ஆம் எண், 6எக்ஸ். முள்ளின் எண் கூடினால் அளவு சிறிது. எக்ஸ் கூடினால் நரம்பு மெல்லிது. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தக்கைக்கும் ஃப்ளைக்கும் இடையே ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நரம்பு விடுங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை அடி தட்ட வேண்டும். தட்டவில்லை என்றால் இன்னொரு சின்ன உருண்டை எடை சேருங்கள். ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் ஒன்றைக் கழற்றுங்கள். தக்கை நீரின் நுரையைவிட வேகமாகப் போனால் கயிறு அதை இழுக்கிறது என்று பொருள். கோல் நுனியால் கயிற்றைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போடுங்கள். முள்ளில் இலை ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் பாருங்கள். இலை மாட்டிய ஃப்ளையை எந்த மீனும் தொடாது.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. மீனை விடுவது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்து, அதுவாகத் திமிறும்போது விடுங்கள். மடுவின் வால் பகுதியில், சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்திருக்க, ஓரிடம் மட்டும் நீள்வட்டமாக வெளுத்துச் சுத்தமாகத் தெரிந்தால் அது ட்ரவுட் முட்டையிட்ட குழி. கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். 16 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமத்தோடு ட்ரவுட் முத்திரையும் வேண்டும். நீர்புகாக் கால்சட்டைக்கு மேல் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டே இறங்குங்கள். இலை படிந்த கல் வழுக்கும். விழுந்தால் வார் இருந்தால்தான் உள்ளே தண்ணீர் சட்டென்று நிரம்பாது. வணக்கம்.