ஏணியில் எத்தனையாவது படி?

நேயர்களுக்கு வணக்கம். ஆண்டுதோறும் மார்ச் மாதம் ஒரு செய்தி வரும். உலகிலேயே மகிழ்ச்சியான நாடு பின்லாந்து என்பார்கள். 2018 முதல் அந்த நாடுதான் முதலிடம். நம் நாடு எத்தனையாவது இடம் என்று பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். நான் அங்கேயே நின்றுவிடுகிற ஆள். அந்த எண் எப்படி வந்தது?

கேட்பது ஒரே கேள்விதான். ஓர் ஏணியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை பத்தாவது படி, மிக மோசமானது பூஜ்யம். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹேட்லி கேன்ட்ரில் என்பவர் 1960-களில் பரப்பிய முறை இது. கவனியுங்கள், 'மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்று இதில் யாரும் கேட்கவே இல்லை. தலைப்புச் செய்தியில்தான் அது மகிழ்ச்சி ஆகிவிடுகிறது.

சரி, ஏணிக்கு முன்னால் என்ன கேட்டார்கள்? என் மனம் எப்போதும் சுற்றிவருவது இதைத்தான். அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2008 முதல் தினமும் சுமார் ஆயிரம் பேரிடம் இந்த ஏணிக் கேள்வியைக் கேட்டது. பொருளாதார நெருக்கடி வெடித்த ஆண்டு அது. அந்தத் தரவைத் துருவிப் பார்த்தார் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன், பின்னாளில் 2015-இல் நோபல் பரிசு பெற்றவர். ஏணிக்கு முன்பு அரசியல் கேள்விகளைக் கேட்டால் எல்லாரும் சராசரியாக அரைப்படிக்கு மேல் இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டார். நெருக்கடியின் மிக மோசமான கட்டம்கூட அவ்வளவு தூரம் இறக்கவில்லை! நினைத்துப் பாருங்கள். வீடு போனது, சேமிப்பு கரைந்தது. அதையெல்லாம்விட, 'நாடு போகிற போக்கு திருப்தியா' என்று முதலில் கேட்டதுதான் ஆளை அதிகம் கீழே தள்ளியது. அப்புறம் கேலப் இடையில் வேறொரு கேள்வியைச் செருகியது: உங்கள் சொந்த வாழ்க்கை எப்படி? அதைச் செருகியதும் பாதிப்பு பெரிதும் குறைந்தது.

அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், எண்ணைப் பார்க்கும் முன் அதற்கு முந்தைய கேள்வியைப் பாருங்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், வீட்டில் உள்ளவர்களுக்கு அலுத்தே போய்விட்டது.

அப்படியானால் இந்த எண்களைக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. எந்த நாட்டு ஆய்வை எடுத்தாலும் வேலை இழந்தவர்கள் கீழ்ப்படியில்தான் நிற்கிறார்கள். போன சம்பளத்தை மட்டும் கணக்கிட்டால் இவ்வளவு சரிவு வராது. மதிப்பும் அன்றாட ஒழுங்கும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஊரில் 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மக்களுக்கு நேரமோ நேரம். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, நடைகூட மெதுவானது...

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வருமானம் ஏறினால் படியும் ஏறுமா என்று பொருளாதார அறிஞர் ஈஸ்டர்லின் கிளப்பிய சர்ச்சையைக் கடைசியில் வைத்திருந்தேன். 1974-இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஒரு நிமிடத்தில் அடங்காது. இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.