மூளையின் அயன் கால்வாய்களும் நமது தோட்டத்து மருந்தகமும்

(இலங்கை மலையகத்தின் அட்டனில் நிகழ்ந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஆலய பரிபாலன சபையினரே, பணிச்சுமைக்கிடையிலும் வந்து மேடையில் அமர்ந்திருக்கும் வைத்திய அதிகாரி அவர்களே, பாடசாலை அதிபர்களே, தோட்ட உத்தியோகத்தர்களே, தொழிற்சங்கப் பிரதிநிதிகளே (எந்தச் சங்கத்தை முதலில் சொன்னேன் என்ற வழக்கு எழாதிருக்கவே பெயர்களை விடுகிறேன்), கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு மழையில் நனைந்து வந்திருக்கும் தாய்மாரே, உயர்தர விஞ்ஞான வகுப்பு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன புகழுரையில் பெரும்பகுதி வைத்திய அதிகாரிக்கே உரியது. அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

இன்று மூன்று விடயங்களைச் சொல்ல எண்ணியுள்ளேன். அயன் கால்வாய் என்பது என்ன என்பது முதலாவது. அதைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கெட்டரால் வலிப்பு நோயைப் பற்றிக் கண்டறிந்தது என்ன என்பது இரண்டாவது. கல்சியக் கால்வாய்கள் இதயத்தையும் நினைவாற்றலையும் எவ்வாறு நடத்துகின்றன என்பது மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, என் கூட்டங்களுக்கு வழக்கமாக வருவோர் எதிர்பார்த்திருக்கும் பழமொழியையும் சொல்லிவிடுகிறேன்: நோய்க்கும் பார், பேய்க்கும் பார்.

நமது நரம்புக் கலங்கள் மின்சாரத்தால்தான் செய்தி அனுப்புகின்றன. ஆனால் அது கம்பியில் ஓடும் மின்சாரமன்று. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வுக்கு வெளியே சோடியம் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற சோடிய அணுக்கள், மிகுந்திருக்கின்றன, உள்ளே பொற்றாசியம் அயன்கள் மிகுந்திருக்கின்றன. ஓய்விலிருக்கும் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற் தாழ்ந்திருக்கிறது. சவ்வில் பதிந்து, அயன்களுக்கு வழிவிடும் புரத வாயில்களே அயன் கால்வாய்கள். அவற்றுள் சோடியக் கால்வாய்கள் திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அவை தாமாகவே அடைபட, பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இதன் கணக்கைப் பிரித்தானிய விஞ்ஞானிகளான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்டு, 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். கணவாயின் உடலில் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நரம்பிழை இருப்பதால் அதையே அவர்கள் ஆய்வுக்கு எடுத்தார்கள்.

அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த பொருளைப் பிடித்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சியாற்றில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெட்டரால். சோடியக் கால்வாயை விடாமல் பற்றிக்கொள்ளும் தேள் நஞ்சொன்றை எடுத்து, ஒளிபட்டால் புரதத்தோடு பிணைந்துவிடுமாறு அதை மாற்றி, அதன் துணையால் மூளையிலிருந்து அந்தப் புரதத்தை 1980இல் அவரது ஆய்வுகூடம் அடையாளம் கண்டது. பக்டீரியா ஒன்றின் சோடியக் கால்வாயைப் பளிங்காக்கி, அதன் வடிவத்தை அணு அணுவாக 2011இல் வெளியிட்டதும் அவரது குழுவினரே. 2024இல் அவர் காலமானார்.

இனி வலிப்புக்கு வருகிறேன். நரம்புக் கலங்கள் பெருந்தொகையாக ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் மின்னதிர்வு கொள்வதே வலிப்பு. இதை நம்மவர்கள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதை நான் நேரில் கண்ட ஒரு சம்பவத்தால் சொல்வதே பொருத்தம்.

ஒரு தோட்டத்தில் மாசி மாதத்துக் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. தப்படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தப்போடு சாய்ந்து விழுந்தார். சாமி வந்துவிட்டது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். ஒருவர் கற்பூரமே ஏற்றிவிட்டார். விழுந்த இளைஞருடைய அப்பாயி மட்டும், “சாமியுமில்லை பூதமுமில்லை, என் பேரனுக்கு இழுப்பு வந்திருக்கு, இரும்பு கொண்டாங்க!” என்று கத்தினார். அடுத்த கணம் கூட்டம் லயங்களை நோக்கிப் பறந்தது. ஒருவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். கை கால் உதறிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் கவ்வாத்துக் கத்தி! இன்னொருவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளை இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றிக் கையில் திணித்தார். அந்நேரம் வந்து சேர்ந்த தோட்ட மருந்தகத்து உத்தியோகத்தர், ஆயுதங்களையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லி, இளைஞரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தமது சால்வையை மடித்து வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். சிறிது நேரத்தில் இழுப்பு நின்றது. நின்றதும் தொடங்கியது வழக்கு. தம் சாவிதான் நிறுத்தியது என்றார் கணக்கப்பிள்ளை. மண்வெட்டியைக் கண்டுதான் ஓடியது என்றார் மற்றவர். கற்பூரம் ஏற்றியவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மருந்தக உத்தியோகத்தர் சாவியை வாங்கி லாந்தர் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, “கணக்கப்பிள்ளை ஐயா, இது பித்தளையாச்சே!” என்றார். தப்புச் சத்தத்தைவிடப் பெரிதாக எழுந்த சிரிப்பில் அப்பாயியும் கலந்துகொண்டார்.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அந்தப் பெருமையை நாம் இரும்புக்குக் கொடுத்துவிடுகிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மட்டும், எந்த உலோகத்தையும் தேடாமல், வைத்தியசாலைக்கு வாகனத்தைத் தேட வேண்டும். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று சொன்ன நம் முன்னோர் பூசாரியை விலக்கவில்லை, நானும் விலக்கவில்லை. பேய்க்குப் பார்த்துவிட்டு நோய்க்குப் பார்க்காமல் வீடு திரும்புவதையே குறை சொல்கிறேன்.

கெட்டராலின் மிகச் சிறந்த ஆய்வு என்று நான் கருதுவது இந்த இடத்தில்தான் வருகிறது. பிரான்ஸில் வைத்தியர் ஷார்லட் ட்ரவே, முதல் வயதிலேயே காய்ச்சலோடு தொடங்கி வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கடுமையான வலிப்பொன்றை 1978இல் விவரித்தார். அந்தப் பிள்ளைகளின் சோடியக் கால்வாய்ப் பரம்பரையலகு ஒன்றில் பழுதிருப்பதை 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். சோடியக் கால்வாய் குறைந்தால் மூளையின் மின்னோட்டம் அடங்கத்தானே வேண்டும், ஏன் மிகுகிறது? இதே பழுதைச் சுண்டெலிகளில் உண்டாக்கிய கெட்டராலின் குழு 2006இல் விடை சொன்னது: அந்தக் குறை மற்றக் கலங்களைக் கிளர்த்தும் கலங்களைவிட, அவற்றை அடக்கி வைக்கும் கலங்களையே பெரிதும் முடக்குகிறது. கொழுந்து லொறியில் டீசல் குறைந்தால் லொறி நிற்கும். பிறேக் ஒயில் குறைந்தால் இறக்கத்தில் என்ன நடக்கும் என்பதை இங்குள்ள சாரதிமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெனிற்றோயின், கார்பமசெபின் போன்ற நன்கறிந்த வலிப்பு மருந்துகள் சோடியக் கால்வாயைத்தான் அடைக்கின்றன. அதிலும் ஓயாமல் திறந்து மூடும் கால்வாய்களையே பெரிதும் பிடிப்பதால், வழமையான செய்திகளை அதிகம் குழப்பாமல் மிகையான அதிர்வை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் ட்ரவே விவரித்த நோயில் கார்பமசெபின் வலிப்பைக் கூட்டிவிடக்கூடும். ஆகவே பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கேட்ட மாத்திரையை நம் பிள்ளைக்கும் இரவல் வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. வைத்தியர் தெரிந்து தந்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. மருந்து இரத்தத்தில் குறைந்ததும் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

உலகில் சுமார் 50 மில்லியன் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்றும், சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நமது மலைகளில் மருந்து நின்றுபோவது அறியாமையால் மட்டுமன்று. கிளினிக்குக்குப் போகும் நாளில் தாய்க்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் இல்லை. விடியற்காலை பஸ்ஸைத் தவறவிட்டால் பயணமே இல்லை. வாங்கி வரும் மருந்து உறையில் எழுதியிருப்பதை வாசிக்க வீட்டில் யாருமில்லை. அந்தப் பிள்ளை பிறகு பாடசாலையிலிருந்தும் நின்றுவிடுகிறது, வகுப்பில் விழுந்துவிடும் என்ற பயத்தால். அயன் கால்வாயை அணு அணுவாகப் படமெடுத்துவிட்ட காலத்தில் மாத்திரை மலையேறி வரவில்லை என்றால் அதை விஞ்ஞானத்தின் குறை என்று சொல்ல முடியாது. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்ற சொல்லை இனி நாம் நிர்வாகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே மூன்று கோரிக்கைகள் கொண்ட மனுவொன்றைத் தயாரித்துள்ளோம். வைத்தியர் எழுதிக் கொடுத்த வலிப்பு மருந்து ஒவ்வொரு மாதமும் அந்தந்தத் தோட்ட மருந்தகத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டுபவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. மருந்து உறையில் அளவும் நேரமும் தமிழில் எழுதப்பட வேண்டும். நான் பேசிய பல கூட்டங்களில் கைதட்டல் கிடைத்த அளவுக்குக் கையெழுத்துக் கிடைத்ததில்லை. ஆகவே மனுவை மண்டபத்தை விட்டு வெளியேறும் வழியிலேயே, குடைகள் வைத்திருக்கும் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கல்சியக் கால்வாய்களைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். தலைவர் அவர்கள் துண்டுக் கடதாசி அனுப்பிவிட்டார்கள். பொகவந்தலாவை பஸ்ஸும் காத்திருக்காது. வலிப்பு வந்தவரை எப்படிச் சரித்துப் படுக்க வைப்பது, வாய்க்குள் எதையும் ஏன் திணிக்கக் கூடாது என்பதை வைத்திய அதிகாரி அவர்கள் இப்போது இரண்டு மாணவர்களை வைத்து மேடையிலேயே செய்து காட்டுவார்கள். அவர்களுக்காக ஒலிவாங்கியை விடுகிறேன், நன்றி, வணக்கம்.